தாய்மாமன் எடுத்த சேலை

சிவனாண்டியைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி, வாசுதேவநல்லூரிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது. சொன்னவர் டிரைவர். சொல்லி முடித்துவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிராதீயவே" என்றும் சேர்த்துக்கொண்டார். அன்று முழுவதும் சங்கரன்கோவிலில் யார் எதைப் பேசினாலும் இந்த வால் ஒட்டிக்கொண்டே வந்தது.

மலையடிவாரத்து ஓடையொன்றில் வைத்து ஸ்பெஷல் போலீஸ் சுட்டதாம். குண்டு முகத்தில் பாய்ந்துவிட்டதால் முகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லையாம். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லாதிருந்தால் ஊர் நிம்மதியாகச் சந்தோஷப்பட்டிருக்கும், அல்லது துக்கப்பட்டிருக்கும்.

சிவனாண்டி நாற்பத்திரண்டில் தந்திக் கம்பியை அறுத்தவன். போலீஸ் சாவடிக்குத் தீ வைத்தவன். அப்போது அவனுக்குத் தேசபக்தன் என்று பெயர். சுதந்திரம் வந்தது. மற்றவர்கள் கதர் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்; அவன் மட்டும் வெடிகுண்டைக் கீழே வைக்கவில்லை. "இது எனக்கு வந்த சுதந்திரம் இல்ல" என்று சொல்லி, ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலையேறிவிட்டான். ராஜபாளையம் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்கு அவன் ஆட்கள் போட்ட குண்டில், துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களும் சந்தைக்குப் போனவர்களும் செத்தார்கள். அரசாங்கம் 'பயங்கரவாதி' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியது. ஊர், நோட்டீஸைப் படிக்கிறபோது அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு படித்தது.

தேரடி காப்பி கிளப்பில் அன்று இருந்த கூட்டத்துக்குப் பேச்சு அதிகமில்லை.

"செத்தது அவன்தானா?"

"போலீஸ் சொல்லுதாம்லா."

"போன வருசமும்தான் சொல்லிச்சு."

"அப்ப அவன் இல்லைங்கியா?"

"நான் எங்கவே சொன்னேன்? ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. காப்பி ஆறுது, குடியும்."

லாலாக் கடைக்காரர் விசேஷமாக லட்டு பிடித்தார். பிடித்ததை ஒரு துணி போட்டு மூடியும் வைத்தார். கோமதியம்மன் சந்நிதியில் என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சிதறுகாய் விழுந்தது. செத்ததற்கு நன்றியா, சாகாமல் இருப்பதற்கு வேண்டுதலா என்று அர்ச்சகர் கேட்கவில்லை, உடைத்தவர்களும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டில் சிவனாண்டி தங்கள் வீட்டுப் பரணில்தான் ஒளிந்திருந்தான் என்று பெருமை பேசியவர்கள் ஊரில் நிறையப் பேர். ஊரில் அத்தனை பரண் கிடையாது. அன்று காலையிலிருந்து ஒரு பரணும் கிடையாது.

எல்லாரையும்விடக் கலங்கிப் போனவர் வத்தல் மண்டி காசிராஜன். வர்த்தகர் நல்வாழ்வுச் சங்கத்தின் ஸ்தாபகரும் நிரந்தரத் தலைவரும் அவர்தான். சங்கத்தின் போர்டு சங்கத்தைவிடப் பெரியது. பரணில் வைத்திருந்தவர்கள் வரிசையில் அவர் முதல் ஆள். சுதந்திர தினத்தன்று மேடையேறி, "சிவனாண்டி எனக்குத் தம்பி மாதிரி" என்று சொன்னவர். அதைச் சொன்னதைப் பிற்பாடு மறக்க அவர் எவ்வளவோ முயன்றார். ஆனால் கேட்டவர்களுக்கு நல்ல ஞாபகசக்தி.

அவரைத் தேடி மத்தியானமே இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் வந்துவிட்டார். ஸ்பெஷல் போலீசுக்குத் தலைமை தாங்கியவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேரடியில் பாராட்டுக் கூட்டம். நீங்கள்தான் தலைமை."

"யாருக்கய்யா பாராட்டு?"

"எனக்கு."

"பேஷாச் செய்யணும்" என்றார் காசிராஜன். "பாராட்டிட்டு இறங்கிருதேன்."

"அது போதாது. சிவனாண்டி ஒரு கொலைகாரன், அவன் ஒழிந்தது ஊருக்கு நல்லது என்று உங்கள் வாயால் ஊர் கேட்க வேண்டும். அவனுக்கு நீங்கள் அண்ணன் முறை என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதையும் தீர்த்துக்கொண்ட மாதிரி இருக்கும்."

இன்ஸ்பெக்டர் போனபிறகு காசிராஜன் வத்தல் மூடை மேல் உட்கார்ந்துவிட்டார். பேசாவிட்டால் போலீசின் சந்தேகம். பேசினால்? போன வருஷம் சிவனாண்டி செத்தான் என்று ஒரு புரளி கிளம்பியது. பனவடலிசத்திரத்தில் ஒரு பருத்தி வியாபாரி அதை நம்பி, சந்தை நடுவில் நின்று அவனை வாய்க்கு வந்தபடி வைதார். மறுவாரம் அவர் கடைக்குள் குண்டு விழுந்தது. கடையையும் காணோம், வியாபாரியையும் காணோம். சிவனாண்டி செத்திருந்தால் காசிராஜன் வீரர். சாகாமல் இருந்தால் காசிராஜன் அந்தப் பருத்தி வியாபாரி. நடுவில் வேறு இடம் இல்லை.

"நெசத்தைச் சொல்ல ஒரே ஆளுதான் மொதலாளி" என்றார் கணக்கப்பிள்ளை மூக்காண்டி. "நம்ம கோமதித்தாய்."

கோமதித்தாய் சிவனாண்டியின் மனைவி. காசிராஜன் மண்டியில்தான் வத்தல் காம்பு கிள்ளுகிற வேலை. போலீஸ் முறைத்தபோதெல்லாம் அவளை வேலையை விட்டு நிறுத்துவார். மலையிலிருந்து ஏதாவது சத்தம் கேட்டால் ஆளனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வார். பிணத்தை அடையாளம் காட்ட அவளைத்தான் ஜீப்பில் கூட்டிப் போயிருந்தார்கள். அவள் பார்த்தாள். "தெரியலங்கய்யா" என்றாள். "இத்தனை வருசமாப் பாக்காத ஆளு. மொகமும் இல்ல. நான் எதை வச்சுச் சொல்ல?" என்றாள். அழவில்லை. பிணத்தைப் போலீசே எரித்துவிட்டது.

அவள் வேலைக்கு வந்ததும் காசிராஜன் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. செத்தது ஒம் மாப்பிள்ளதான?"

"இன்ஸ்பெக்டரய்யா அப்படித்தான் சொல்லுதாவ."

"நீ என்னட்டி சொல்லுத?"

"நான் என்னத்தச் சொல்ல மொதலாளி? அவுக இருந்தாலும் எனக்குத் தெரியாது, போனாலும் எனக்குத் தெரியாது. எப்பவாச்சும் சொல்லிட்டா வாறாக?"

"சொல்லிட்டா வாறாக" என்ற சொல் காசிராஜன் காதில் இருமுறை ஒலித்தது. "சரி கோமதி. போய் வேலையப் பாரு. இன்னைக்கு வெயில்ல இருக்காண்டாம், உள்ள நெழல்ல உக்காரு" என்றார்.

அவள் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் வகையறாவில் கருமாதியன்றுதான் தாலி இறக்குவார்கள். மூக்காண்டிதான் வழி சொன்னார்.

"கோடி இருக்கில்லா மொதலாளி? புருசன் செத்தா கூடப்பொறந்தவன் கோடிச் சேலை எடுத்துட்டு வந்துதான ஆகணும்? எவ்வளவு ரகசியமா வச்சாலும் அதை விட முடியாது. அவ அண்ணன் ராமசுப்பு புதுச்சேலை எடுத்தான்னா ஆளு செத்தாச்சு. எடுக்கலைன்னா இருக்கான்."

போலீசுக்குத் தோன்றாத யோசனை. காசிராஜன் மூக்காண்டியை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். ஆனால் இந்த யோசனை அவர்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. மறுநாளிலிருந்து ஜவுளிக் கடைகளின் எதிரே, எதையும் வாங்க உத்தேசமில்லாத பலர் நின்றுகொண்டிருந்தார்கள். ராமசுப்பு ஆடு மேய்க்கிறவன். மாதத்துக்கு ஒருமுறை டவுனுக்கு வருகிறவன். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் இறங்கினான் என்றும், பீடி வாங்கினால் வாங்கினான் என்றும் மண்டிக்குச் செய்தி வந்தது. சேலை மட்டும் எடுத்தபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காசிராஜன் இரண்டு பேச்சுகளை மனப்பாடம் செய்திருந்தார். ஒன்று வீராவேசம். இன்னொன்று, "பிறந்தவர் இறப்பதும் இறப்பவர் பிறப்பதும்" என்று தொடங்கி, யாரைப் பற்றியும் எதையும் சொல்லாமல் முடிவது. தேரடிக்குப் புறப்படும்போது இரண்டாவதைத்தான் உதட்டில் வைத்திருந்தார்.

வழியில் ஷரீபா பீவி எதிர்ப்பட்டாள். கடையநல்லூர்க்காரி, தறிச்சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து தெருத்தெருவாக விற்கிறவள். அவள் புருஷன் அந்த ராஜபாளையம் ரோட்டு பஸ்ஸில் இருந்தவர். அதற்குப் பிறகுதான் மூட்டை அவள் தலைக்கு வந்தது.

"என்னம்மா, யாவாரம் எப்படி?" என்றார் காசிராஜன்.

"என்ன மொதலாளி, பனவடலிசத்திரம் ராமசுப்பு வழியில மறிச்சுச் சேலை எடுத்தாரு. வேற யாவாரமில்ல."

காசிராஜன் நின்றுவிட்டார். "புதுச்சேலையா?"

"பழஞ்சேலையா நான் விக்கேன்? ஆனா பாவம், எடுக்கையில கண்ணு கலங்கிட்டு. அதோட இன்னும் ஒண்ணு..."

அவர் அங்கே இல்லை. மேடையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். கண் கலங்கி எடுத்த சேலை! இதைவிட என்ன வேண்டும்?

அன்று காசிராஜன் பேசிய பேச்சை ஊர் ரொம்ப நாள் மறக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு ஆளுயர மாலை போட்டார். "நீசன்! கோழை! கள்ளன்! மண்ணோடு மண்ணாகப் போன அந்த மிருகம் மலையில் பதுங்கியிருந்தபோதே இந்தக் காசிராஜனின் பெயரைக் கேட்டால் நடுங்குவான்! செத்தான், செத்தான், நான் சொல்லுகிறேன் செத்தான்! சந்தேகப்படுகிறவன் என் முகத்துக்கு நேரே வந்து கேட்கட்டும்!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். பரண் பேச்சைப் பற்றி, "அப்படி ஒரு பரணே என் வீட்டில் கட்டப்படவில்லை" என்றார். கூட்டம் முதலில் கைதட்டவில்லை. பக்கத்தில் இருக்கிறவன் தட்டுகிறானா என்று பார்த்தது. காசிராஜன் இவ்வளவு துணிகிறார் என்றால் ஏதோ தெரிந்திருக்கிறது என்று முடிவு செய்தபிறகுதான் தட்டியது. லாலாக் கடைக்காரர் லட்டின் மேலிருந்த துணியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த காசிராஜன் மாலை வாசனையோடு ஊஞ்சலில் உட்கார்ந்தார். மனைவி பார்வதியம்மாள் மோர் கொண்டுவந்தாள்.

"என்னத்துக்குங்க அப்படித் தொண்டை கிழியக் கத்துனீக? இங்க வரை கேட்டுது."

"செத்தவனைத்தான திட்டுனேன்? ராமசுப்பு கோடி எடுத்துட்டான். ஷரீபா பீவியே சொன்னா."

பார்வதியம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கோடியா? கோமதி மக வள்ளித்தாய் பெரிய மனுசியாகி உக்காந்திருக்கால்லா. நாளைக்கு அவளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர்ச்சேலை எடுக்காம வேற யாரு எடுப்பா?"

காசிராஜன் மோர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேட்டீகளா? ஜவுளிக் கடைக்கு எதிர்த்தாப்ல ஆளு நிறுத்தி வச்சீக. வீட்ல ஒரு ஆளு இருக்கேன்."

காசிராஜன் மனசுக்குள் கணக்குப் போட்டார். சாவுத் துட்டி விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. சடங்கு வைக்கிறாள் என்றால் துட்டி இல்லை. துட்டி இல்லை என்றால் சிவனாண்டி சாகவில்லை. சாகாதவனைத்தான், ஊர் கேட்க, நீசன் என்றும் கோழை என்றும் திட்டிவிட்டு வந்திருக்கிறார்.

காசிராஜனைப் போல வீட்டில் கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அவரவர் வீட்டில் அவரவர் மனைவி சொல்லித்தான் சேதி பரவியிருந்தது. முந்தின நாள் கைதட்டியவர்கள் எல்லாரும் தட்டு தூக்கிக்கொண்டு கோமதித்தாய் வீட்டுத் தெருவில் வரிசையாக நின்றார்கள். லாலாக் கடைக்காரர் மிச்ச லட்டை அப்படியே கொண்டுவந்திருந்தார். வத்தல் காம்பு கிள்ளுகிறவள் மகளுக்கு அப்படி ஒரு சடங்கு அந்தத் தெருவில் நடந்ததில்லை.

எல்லாருக்கும் முன்னால் மேளத்தோடு வந்தது காசிராஜன் வீட்டுச் சீர். பட்டு, பழத்தார், தேங்காய், பித்தளைக் குடம், மூன்று வண்டி. எதிர்த்த வேப்பமரத்தடியில் இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் மஃப்டியில் நின்று வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். காசிராஜன் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், குண்டு போடுகிறவனைவிட மாலை வாங்குகிறவர் மேல் என்று அப்போது நினைத்திருப்பார்.

"தங்கச்சி!" என்று, தம்பி முறையை மச்சான் முறையாக மாற்றிக்கொண்டு, வாசலிலேயே கூப்பிட்டார். கோமதித்தாய் திரும்பி, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் பார்த்தாள்.

"ஒன்னத்தாம்மா. நம்ம வீட்டு வெசேசத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பக்கூடாதா? நானென்ன அந்நியனா? நேத்து மேடையில ஏதோ பேசுனேன். போலீஸ் எழுதிக் குடுத்தது. மனசுல ஒண்ணும் கெடையாது. மச்சானுக்கு... போய்ச் சேரவேண்டிய எடத்துக்கு... நீ ஒரு வார்த்தை சொல்லிரு."

"அவுகளுக்கு எல்லாம் தெரியும் மொதலாளி" என்றாள் அவள்.

வள்ளித்தாய்க்கு ராமசுப்பு எடுத்த சிவப்புச் சேலையைக் கட்டி, மனையில் உட்காரவைத்து ஆலம் சுற்றினார்கள். அந்தப் பெண் தலை நிமிராமல் இருந்தது. கோமதித்தாய் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கும்பிட்டு, சாப்பிட வைத்து அனுப்பினாள். புறப்படும்போது காசிராஜனிடம் சொன்னாள்:

"நாளைக்குக் காலையிலயும் வரணும் மொதலாளி."

"நாளைக்கு என்னம்மா?"

"வாங்க. தெரியும்."

மறுநாள் காலையில் அந்தத் தெருவிலிருந்து ஒப்பாரி கேட்டது.

சடங்குப் பந்தலைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். அதன் கீழே கோமதித்தாய் தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள். ராமசுப்பு, ஷரீபா பீவியிடம் எடுத்த இரண்டாவது சேலையை அவள் தோளில் போட்டான். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. யாரும் கிட்டப் போகவில்லை. நேற்றுத் தட்டு தூக்கியவர்களுக்கு இன்று அந்தத் தெருவில் காலெடுத்து வைக்க வேலையில்லாமல் போயிற்று.

"இப்ப எதுக்கு அழுதா? அன்னைக்குத் தெரியலைன்னாளே?"

"போலீசு அவனைத் தேடவேண்டாம்னு காட்டுததுக்கு அழுதாளோ என்னமோ."

"நெசமாவும் அழுதாப்லதான் இருக்கு."

"நெசமாவே அழுதாங்கியா? அப்ப முன்ன சொன்னதை நான் சொன்னேன்னு சொல்லிராத."

துட்டி கேட்க ஒரே ஒரு ஆள் பந்தலுக்குள் போனது. மூட்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ஷரீபா பீவி கோமதித்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் ஷரீபா பீவி. கேள்வியாகக் கேட்கவில்லை.

"காலைப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. எத்தன நாள் முள்ளெடுத்த காலு." கோமதித்தாய் மூக்கைச் சிந்தினாள். "பிள்ளை சமைஞ்சு குச்சில்ல இருந்தா. துட்டின்னு சொன்னா ஒரு வருசத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குப் பெறகு செத்த கொலைகாரன் மகளுக்கு எவன் வருவான் தட்டு தூக்கிட்டு? உசுரோட இருக்கான்னாத்தான் வருவாக. அவரு இருந்து பிள்ளைக்கு ஒண்ணும் செய்யல. செத்தாவது செய்யட்டும்னு விட்டுட்டேன். கொள்ளி வைக்க ஆளில்லாம போலீஸ்காரன் எரிச்சான். அதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பிறகு, "ஒங்க வீட்டுக்காரரு போனப்ப நான் வரலக்கா" என்றாள்.

"வந்திருந்தா வெரட்டியிருப்பேன்."

"இப்ப?"

"மவுத்து வீட்ல இருந்து வெரட்டுவாகளா? அவன் செத்தான்னதும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ராவுல சோறு எறங்கிச்சு. காலையில முழிச்சா எம் மூட்டை அப்படியேதான் கெடக்கு." ஷரீபா பீவி சேலையின் முந்தியை நேராக இழுத்துவிட்டாள். "நீ அழு."

அடுத்த தெருவில், மண்டியின் கதவைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு காசிராஜன் அந்த ஒப்பாரியைக் கேட்டார். சிவனாண்டி செத்துவிட்டான், சந்தேகமில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூடை இறங்கிய மாதிரி இருந்தது. மூக்காண்டியைக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிவரச் சொன்னார். காப்பிக்குப் பதிலாக இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செத்தது அவன்தான் என்று கேஸ் முடிந்துவிட்டது. இனி அவனுக்கு உதவியாக இருந்தவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. நேற்று அந்த வீட்டில் உம்முடைய சீர்தான் பெரிது."

"அது... பயத்துல வச்சதுங்கய்யா."

"செத்தவனிடம் என்ன பயம்? மேடையில் நீர்தானே மார்பில் அடித்துக்கொண்டு செத்தான் செத்தான் என்றீர்? செத்தது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவர், மறுநாள் மச்சானுக்குச் சேதி சொல்லச் சொன்னது எதற்கு? நான் வேப்பமரத்தடியில்தான் நின்றேன்."

காசிராஜன் வாயைத் திறந்தார். இரண்டு பேச்சுகளும் வரவில்லை.

"ஸ்டேஷன் வரைக்கும் வாரும்."

ஸ்டேஷனுக்குப் போகிற வழி கோமதித்தாய் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. பந்தல் பக்கம் வந்ததும் அவளுடைய அழுகை ஒரு நிமிஷம் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்து, துட்டி வீட்டு வழக்கப்படி அவரை நோக்கிக் கைநீட்டினாள். காசிராஜன் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார்; துண்டைத் தோளிலிருந்து எடுத்து, குனிந்து அந்தக் கையைத் தொட்டார்.

தெருமுனையில் நின்றிருந்த கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியாவே? போலீசு கூட நிக்கும்போதே துட்டி கேக்காரு. உள்ள உறவுதாம்வே. பரண் இருந்தது நெசந்தான்."